ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 - மே 24, 1960) தமிழ்நாட்டின் வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் அதன் மருத்துவமனையையும் நிறுவிய அமெரிக்க மருத்துவரும் மிஷனரியும் ஆவார். பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்க்க வேண்டியிருந்த காலத்தில், பெண் மருத்துவர்களையும் செவிலியர்களையும் உருவாக்கும் பணியில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1900ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையுடன் அவர் தொடங்கிய மருத்துவ நிலையம், இன்று சி.எம்.சி. என்று மக்கள் அழைக்கும் பெரிய மருத்துவ நிறுவனமாக வளர்ந்துள்ளது.

குடும்பப் பின்னணி

ஐடாவின் குடும்பம் நெடுங்காலமாகத் தென்னாசியாவில் மருத்துவப் பணியும் சமயப் பணியும் ஆற்றிய குடும்பமாகும். இவருடைய பாட்டனார் மூத்த ஜான் ஸ்கடர் நியூயார்க் நகரில் மருத்துவராக இருந்தவர். அவர் 1819ஆம் ஆண்டு தொழிலைத் துறந்து இலங்கைக்குக் கப்பல் ஏறினார். யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்த பின்னர், 1836இல் சென்னைக்கு வந்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குச் சென்ற முதல் மருத்துவ மிஷனரிகளுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார். அவருடைய பிள்ளைகளில் பலர் தென்னிந்தியாவிலேயே பணியாற்றினர். 1853ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அமெரிக்க ஆற்காடு மிஷன் அவர்களுடைய முயற்சியால் உருவானதாகும். நான்கு தலைமுறைகளில் ஸ்கடர் குடும்பத்தைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் இத்தகைய பணிகளில் ஈடுபட்டனர்.

இம்மரபில் வந்த இளைய ஜான் ஸ்கடருக்கும் சோபியா வெல்டுக்கும் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. ஐந்து அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே மகள். தந்தையும் மருத்துவரே.

இளமைக்காலம்

ஐடாவின் சிறு வயதில், 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியாவைக் கடும் பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழ் மக்கள் நினைவில் வைத்திருக்கும் பஞ்சம் இதுவே. பெற்றோர் நடத்திய நிவாரணப் பணியில், கையை உயர்த்தவும் வலுவற்றிருந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளை வாயில் ஊட்டும் வேலை ஐடாவுக்குத் தரப்பட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பஞ்சமும் நோயும் சாவும் நிறைந்த அந்த நாட்களின் நினைவு, இந்தியா மீது பற்றை அல்ல, அச்சத்தையே அவர் மனத்தில் விதைத்தது.

1878இல் குடும்பம் ஐக்கிய அமெரிக்காவுக்குத் திரும்பி நெப்ராஸ்கா மாநிலத்தில் வேளாண்மை செய்தது. சில ஆண்டுகளில் தந்தையும், அவரைத் தொடர்ந்து தாயும் இந்தியப் பணிக்கு மீண்டனர். ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த பெண்கள் உறைவிடப் பள்ளியில் பயின்றார். துடிப்பும் குறும்பும் மிக்க மாணவியாக அறியப்பட்ட அவர், குடும்பத் தொழிலாகவே ஆகிவிட்ட மிஷனரி வாழ்வைத் தாம் ஏற்கப் போவதில்லை என்று உறுதியாக இருந்தார். அமெரிக்காவில் திருமணம் செய்துகொண்டு வசதியாக வாழ்வதே அவர் விருப்பமாக இருந்தது.

திண்டிவனம் நிகழ்வு

1890இல் தாயார் நோயுற்றதால், அவருக்குத் துணையாகச் சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்துடன் ஐடா இந்தியா வந்தார். அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். அங்கு ஓர் இரவில் நடந்த நிகழ்ச்சியே தம் வாழ்வைத் திசை திருப்பியது என்று அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார்.

அன்றிரவு ஒரு பிராமண இளைஞர் பங்களாவின் கதவைத் தட்டினார். அவருடைய மனைவி, பதினான்கு வயதே ஆன சிறுமி, பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். தாம் மருத்துவம் படித்தவர் அல்லர் என்பதையும், தம் தந்தை உடனே வருவார் என்பதையும் ஐடா எடுத்துச் சொன்னார். ஆனால் வெளி ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்ற நிலையில் அந்த இளைஞர் திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் ஓர் இசுலாமியர் வந்தார். அவர் வீட்டிலும் இதே நிலைமை. அவரும் ஆண் மருத்துவரை ஏற்கவில்லை. மூன்றாவதாக மற்றொரு இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர் வந்து, அவ்வாறே திரும்பினார்.

மறுநாள் காலை தெருவில் சாவு மேளம் கேட்டது. பணியாளரை அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரியவந்தது. ஐடாவை உலுக்கியது, மருத்துவரே இல்லாத ஊர் என்ற நிலை அன்று. தேர்ந்த மருத்துவர் ஒருவர் அடுத்த அறையிலேயே இருந்தார். மருந்தும் இருந்தது. பெண் மருத்துவர் ஒருவர் இல்லாத காரணத்தால் மட்டுமே மூன்று உயிர்கள் போயின. அந்த மூன்று அழைப்புகளையும் கடவுள் தமக்கு விடுத்த அழைப்பாக ஐடா புரிந்துகொண்டார். தாம் மருத்துவம் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

அக்காலத்தில் பெண்களுக்கான மருத்துவம்

இந்தியாவில் பெண் மருத்துவர்களே இல்லை என்று இதனைப் பொருள்கொள்ளக் கூடாது. ஐடா பிறந்த 1870ஆம் ஆண்டிலேயே கிளாரா ஸ்வைன் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் வட இந்தியாவின் பரேலிக்கு வந்து பணி தொடங்கிவிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. லூதியானாவில் 1894இல் கிறித்தவப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது. ஆயினும் தேவையோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறிய முயற்சிகளாகவே இருந்தன. மாவட்டத் தலைநகரங்களுக்கு அப்பால் ஊர்ப்புறப் பெண்களின் பேறுகாலம் பெரும்பாலும் பயிற்சி பெறாத மருத்துவச்சிகள் கையிலேயே இருந்தது. குழந்தைத் திருமணமும், பெண்கள் வெளியில் வராத வழக்கமும் நிலைமையைக் கடினமாக்கின.

மருத்துவக் கல்வி

அமெரிக்கா திரும்பிய ஐடா, 1895இல் பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இறுதியாண்டுக்கு அங்கு மாறிய ஐடா 1899இல் பட்டம் பெற்றார்.

புறப்படுவதற்கு முன், வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டுவதற்காக நிதி திரட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆதரவு தேடி அலைந்த அவர், ஷெல் என்னும் வங்கியாளரின் இல்லத்தில் தென்னிந்தியப் பெண்களின் நிலையை எடுத்துரைத்தார். காலஞ்சென்ற தம் மனைவி மேரி டேபரின் நினைவாக அவ்வங்கியாளர் 10,000 டாலர் வழங்கினார். 1900ஆம் ஆண்டின் முதல் நாளில், தோழி ஆன்னி ஹான்காக்குடன் ஐடா மீண்டும் இந்தியா வந்து சேர்ந்தார்.

வேலூரில் தொடக்கம்

அனுபவம் மிக்க தந்தையின் அருகிலிருந்து தொழில் கற்கலாம் என்று ஐடா எண்ணியிருந்தார். ஆனால் அவ்வாண்டு மே மாதமே தந்தை புற்றுநோயால் இறந்தார். அப்போது ஐடாவுக்கு வயது 29. தாயார் சோபியா மகளுடனேயே வேலூரில் தங்கினார்.

மருத்துவமனைக் கட்டடம் எழும்வரை காத்திராமல், மிஷன் பங்களாவில் ஓர் அறையை ஒதுக்கி, ஒரு படுக்கையுடன் ஐடா சிகிச்சையைத் தொடங்கினார். பங்களாவைச் சேர்ந்த சலோமி என்னும் பெண்மணியைத் தாமே பழக்கி உதவியாளர் ஆக்கிக்கொண்டார். முதலில் மக்கள் தயங்கினர். இளம் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் மருத்துவம் பார்ப்பார் என்பதே அவர்களுக்குப் புதுமையாக இருந்தது. குணமடைந்தவர்கள் சொன்ன செய்தி ஊரில் பரவிய பின்னர் கூட்டம் பெருகியது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளை அவர் கவனித்தார்.

1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அறுவை சிகிச்சை முதல் மருந்து கலப்பது வரை அனைத்தையும் அவரே மேற்பார்வையிட வேண்டியிருந்தது. இக்கட்டடம் பிற்காலத்தில் கண் மருத்துவமனையாகப் பயன்படலாயிற்று.

சாலையோர மருத்துவம்

மருத்துவமனைக்கு வர முடியாதவர்களை நாடிச் செல்வதே ஐடா கண்ட அடுத்த வழியாகும். 1906ஆம் ஆண்டளவில் வாரம் ஒருமுறை வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் மாட்டு வண்டியில் மருந்துப் பெட்டியுடன் பயணம் செய்யத் தொடங்கினார். வழியிலுள்ள ஊர்களில், குறிப்பிட்ட மரத்தடிகளில், நோயாளிகள் முன்கூட்டியே வந்து காத்திருப்பர். புண்களைக் கழுவிக் கட்டுதல், கட்டிகளைக் கீறுதல், கண்ணுக்கு மருந்திடுதல் போன்றவை சாலையோரத்திலேயே நடைபெற்றன. கடும் நோயாளிகள் மட்டும் வேலூருக்கு அழைத்து வரப்பட்டனர்.

1909இல் ஒற்றை உருளைப் பொறி கொண்ட பெஜோ மோட்டார் வண்டி ஒன்று அவருக்குக் கிடைத்தது. மாடோ குதிரையோ இல்லாமல் இரைச்சலுடன் ஓடிவந்த அவ்வண்டியைக் கண்டு ஊரார் முதலில் அஞ்சி ஓடியதாகக் கூறுவர். வண்டி மாறினாலும் முறை மாறவில்லை. ஒரே நாளில் பல ஊர்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் மருத்துவ உதவி பெற முடிந்தது. தீண்டாமை நிலவிய அக்காலத்தில், அனைத்துச் சாதியினரும் ஒரே மரத்தடிக்கு வந்து ஒரே கையால் மருந்து பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. தொழுநோயாளிகளும் இங்கு விலக்கப்படவில்லை. மருத்துவமனையை மக்களிடம் கொண்டு செல்லும் இம்முறை, வேலூர் நிறுவனம் பின்னாளில் வளர்த்த சமுதாய நலப் பணிகளுக்கு முன்னோடியாக அமைந்தது.

செவிலியர் பள்ளி

எத்தனை பேரைக் குணப்படுத்தினாலும், ஒருவரின் இரு கைகளால் செய்யக்கூடியது எல்லைக்குட்பட்டதே என்பதை ஐடா விரைவில் உணர்ந்தார். தாம் சிகிச்சை அளிப்பதைவிட, சிகிச்சை அளிப்பவர்களை உருவாக்குவதே தீர்வு என்ற முடிவுக்கு வந்தார். 1909இல் டிலியா ஹாட்டன் என்னும் செவிலியரின் துணையுடன் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

நோயாளியின் கழிவை அகற்றுவதும் இரத்தத்தைத் துடைப்பதும் தாழ்ந்த வேலையாகக் கருதப்பட்ட சமூகத்தில், பெற்றோர் தம் பெண்களை இத்தொழிலுக்கு அனுப்பத் தயங்கினர். தொடக்ககால மாணவியர் பெரும்பாலும் கிறித்தவக் குடும்பங்களிலிருந்து வந்தனர். இப்பள்ளி 1946இல் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பை முதலில் தொடங்கிய நிறுவனங்களுள் இதுவும் ஒன்று.

பெண்கள் மருத்துவப் பள்ளி

பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்றைத் தென்னிந்தியாவில் பல திருச்சபைகள் இணைந்து நடத்த வேண்டும் என்ற திட்டத்தை ஐடா 1913ஆம் ஆண்டளவில் முன்வைத்தார். ஒரு மிஷனால் தனித்துத் தாங்க முடியாத செலவு அது. முதலாம் உலகப் போரும் குறுக்கிட்டது. சென்னை மாகாணத்தின் மருத்துவத் துறைத் தலைவரான பிரைசன், பள்ளியில் சேர ஒருசில பெண்களே விண்ணப்பிப்பர் என்று ஐயுற்றவாறே அனுமதி வழங்கினார். வந்த விண்ணப்பங்களோ அவருடைய எதிர்பார்ப்பைப் பன்மடங்கு கடந்தன. இடமின்மையால் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

1918 ஆகஸ்டு 12 அன்று மாகாண ஆளுநர் பென்ட்லாண்டு பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். நிலையான கட்டடம் இல்லை. ஓர் எலும்புக்கூடு, ஒரு நுண்ணோக்கி, சில நூல்கள் ஆகியவற்றைக் கொண்டு வாடகை இடத்தில் வகுப்புகள் நடந்தன. மருத்துவமனை வேலைகளுக்கிடையே உடற்கூற்றியலை ஐடாவே கற்பித்தார். எல்.எம்.பி. எனப்பட்ட மருத்துவச் சான்றிதழுக்கான படிப்பு அது.

முதலாண்டுத் தேர்வை மாகாணத்தின் மற்ற மருத்துவப் பள்ளிகளைச் சேர்ந்த ஆண் மாணவர்களும் எழுதினர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறியதாகக் கூறப்படுகிறது. வேலூரிலிருந்து சென்ற 14 மாணவியரும் தேர்ச்சி பெற்றனர். அவர்கள் 1922இல் படிப்பை நிறைவு செய்து மருத்துவர்களாக வெளிவந்தனர். திண்டிவனத்தில் அன்று தட்டப்பட்ட கதவுகளுக்குச் செல்லக்கூடிய பெண்கள், அம்மண்ணிலிருந்தே முதன்முதலாக ஒரு குழுவாக உருவாயினர்.

நிதியும் தன்னார்வலர்களும்

வேலூர் நிறுவனத்தின் வளர்ச்சியில், ஊதியம் கருதாமல் உழைத்தோரின் பங்கு பெரிது. ஆன்னி ஹான்காக் வேலூரில் வீடு வீடாகச் சென்று, வெளியில் வராத பெண்களுடன் பழகி, மருத்துவமனைக்கும் ஊருக்கும் இடையே பாலமாக இருந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த செல்வப் பெண்மணியான கெர்ட்ரூட் டாட், வேலூருக்கு வந்து தம் சொந்தச் செலவிலேயே தங்கிக் கணக்கு வழக்குகளைக் கவனித்தார். ஏழை மாணவியரின் படிப்புக்கும் உதவினார்.

அமெரிக்காவில் லூசி பீபாடி என்பவர் தலைமையில் பெண்கள் நடத்திய இயக்கம், ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக 1920களின் தொடக்கத்தில் நிதி திரட்டியது. அவற்றுள் வேலூரும் ஒன்று. மக்களிடமிருந்து இருபது லட்சம் டாலர் திரட்டினால், ராக்பெல்லர் குடும்ப நிதியத்திலிருந்து மேலும் பத்து லட்சம் கிடைக்கும் என்பது ஏற்பாடு. சிற்றூர்த் தேவாலயங்களைச் சேர்ந்த பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இதில் பெரும்பங்கு வகித்தது. ஐடாவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். இலக்கு எட்டப்பட்டது.

இந்நிதியால் வேலூர் நகரின் தோட்டப்பாளையம் பகுதியில் புதிய மருத்துவமனை 1920களில் எழுந்தது. நகருக்கு வெளியே பாகாயத்தில், குன்றின் அடிவாரத்தில், ஏறத்தாழ 200 ஏக்கர் நிலத்தில் கல்லூரி வளாகம் கட்டப்பட்டு 1932இல் பயன்பாட்டுக்கு வந்தது.

மூடப்படும் நெருக்கடி

1937இல் சென்னை மாகாணத்தில் பதவியேற்ற காங்கிரசு அமைச்சரவை மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்த முற்பட்டது. எல்.எம்.பி. படிப்பு நிறுத்தப்படும் என்றும், பல்கலைக்கழகத்துடன் இணைந்த எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு மட்டுமே இனி ஏற்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. நோயாளிகள் தரம் குறைந்த மருத்துவரிடம் செல்ல நேரக்கூடாது என்ற வகையில் இம்முடிவு நியாயமானதே. ஆனால் வேலூரைப் பொறுத்தவரை இது நிறுவனத்தின் உயிருக்கே வந்த ஆபத்தாக இருந்தது. உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள் ஆகிய அனைத்தும் குறுகிய காலத்தில் தேவைப்பட்டன. உடனடியாகப் புதிய மாணவியரைச் சேர்க்கவும் இயலவில்லை.

அப்போது ஐடா எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற வேண்டிய அகவையில் அவர் மீண்டும் அமெரிக்காவுக்குச் சென்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரம் நகரமாகப் பயணம் செய்து ஆதரவு தேடினார். வேலூரில் இருந்தோர் ஆசிரியர்களையும் வசதிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தனர். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்புகளைத் தொடங்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைவு கிடைத்தது. தொழுநோய் வல்லுநரான இராபர்ட் காக்ரேன் இக்காலத்தில் முதல்வர் பொறுப்பேற்று, தரம் உயர்த்தும் பணியை முன்னெடுத்தார்.

ஆண்களைச் சேர்த்தல்

நிலையான ஆதரவு கிடைக்க வேண்டுமானால் பல நாட்டுத் திருச்சபைகளும் பொதுவாகத் தாங்கும் ஒரே கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வேலூர் மாற வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. அவ்வாறாயின் ஆண்களையும் சேர்க்க வேண்டும். இக்கேள்வி நிறுவனத்தின் நண்பர்களையே இரண்டாகப் பிரித்தது. பெண்களுக்காகவே பெண்களிடமிருந்து திரட்டிய பணத்தை வேறு நோக்கத்துக்குத் திருப்புவது நம்பிக்கை மோசடி என்று லூசி பீபாடி உள்ளிட்டோர் வாதிட்டனர். அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கலப்புக் கல்லூரிகளில் பெண்கள் பின்தள்ளப்பட்ட அனுபவம் பலருக்கு இருந்தது.

பெண்களுக்கான கல்லூரி என்பது ஐடாவின் வாழ்நாள் கனவு. ஆயினும் நீண்ட ஆலோசனைக்குப் பின், மாற்றத்தை அவர் ஆதரித்தார். பெயரைக் காப்பாற்றி நிறுவனத்தை இழப்பதைவிட, நிறுவனத்தைக் காப்பாற்றி அதில் பெண்களின் இடத்தை உறுதி செய்வதே தக்கது என்பது அவர் நிலைப்பாடாக அமைந்தது. இதனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமக்குத் துணைநின்ற பீபாடியின் நட்பை அவர் இழக்க நேர்ந்தது. 1947இல் முதன்முதலாக 10 ஆண் மாணவர்கள் எம்.பி.பி.எஸ். வகுப்பில் சேர்க்கப்பட்டனர்.

சமய நம்பிக்கையும் பணியும்

ஐடா தம்மை முதன்மையாக ஒரு கிறித்தவ மிஷனரியாகவே கருதினார். மருத்துவமனையின் நாள் வழிபாட்டுடன் தொடங்கியது. சாலையோர மருத்துவக் குழுவில் வேதாகமக் கதைகளைச் சொல்லும் பெண்களும் இடம்பெற்றனர். மருத்துவத்தைச் சமயப் பரப்பலுக்கான வாயிலாகப் பயன்படுத்தினர் என்ற விமர்சனம் அக்கால மிஷன் மருத்துவமனைகள் அனைத்தின் மீதும் உண்டு. வேலூரும் அதற்கு விலக்கன்று.

அதே வேளையில், சமயமோ சாதியோ சிகிச்சைக்குத் தடையாக இருக்கவில்லை. நோயாளிகளில் பெரும்பாலோர் இந்துக்களும் இசுலாமியருமே. கல்லூரியின் குறிக்கோள் உரை, பிறரிடம் ஊழியம் பெறுவதற்கு மாறாக ஊழியம் செய்யவே இயேசு வந்தார் என்னும் நற்செய்திக் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐடாவைப் பொறுத்தவரை அக்கருத்து அன்றாட வேலையிலேயே வெளிப்பட வேண்டியதாக இருந்தது. மாணவியருக்கு அவர் அளித்த பயிற்சியிலும் இதுவே வலியுறுத்தப்பட்டது. தேர்ச்சி பெற்ற மருத்துவர்கள் பலர் நகரங்களை விடுத்துச் சிற்றூர் மிஷன் மருத்துவமனைகளுக்குச் சென்றனர்.

இறுதிக்காலம்

1946இல் ஐடா நிர்வாகப் பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார். அதனையடுத்துச் சில ஆண்டுகளுக்குள் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண் மருத்துவர் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். நாடு விடுதலை பெற்ற காலத்திலேயே தலைமையும் இந்தியர் கைக்கு மாறியது. ஐடா கொடைக்கானலில் இருந்த தம் இல்லத்தில் வாழ்ந்தவாறு, வேலூருக்கும் வந்துசென்றார். டென்னிசு விளையாட்டில் பேரார்வம் கொண்ட அவர், முதிய வயதிலும் தம்மைவிட மிக இளையோருடன் ஆடி வென்றதுண்டு. ஊர்ப் பெயர் ஏதுமின்றி, டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரியிட்ட கடிதம் அவரைச் சென்றடைந்ததாக ஒரு செய்தி வழங்கி வருகிறது.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவியர் அவரை அத்தை என்ற பொருளில் உறவுமுறை சொல்லியே அழைத்தனர். அவருடைய அண்ணன் மகளான மற்றொரு ஐடா ஸ்கடரும் மருத்துவராகி, வேலூரில் கதிர்வீச்சு மருத்துவத் துறையை வளர்த்தார். இருவரின் பெயரும் ஒன்றாக இருப்பதால் நூல்களில் சில நேரங்களில் குழப்பம் ஏற்படுவதுண்டு.

1960 மே 24 அன்று, தம் 89ஆம் அகவையில், கொடைக்கானலில் ஐடா காலமானார். அவருடைய உடல் வேலூரில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

மரபு

ஐடாவின் வாழ்நாளிலேயே வேலூர் பல துறைகளில் முன்னணிக்கு வந்துவிட்டது. பால் பிராண்டு 1948இல் தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சை மூலம் மீண்டும் இயங்கச் செய்தார். ஜேக்கப் சாண்டி 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறையை இங்கு நிறுவினார். வேலூரில் பயின்ற மேரி வர்கீசு, 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின்னரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவை சிகிச்சை செய்தார். உடல் ஊனமுற்றோருக்கான மறுவாழ்வு மருத்துவத்தையும் வளர்த்தார். ஐடாவின் மறைவுக்குப் பின், 1961இல் திறந்த இதய அறுவை சிகிச்சையும் 1971இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையும் இந்தியாவில் முன்னோடியாக இங்கு வெற்றிகரமாகச் செய்யப்பட்டன.

பிரித்தானிய இந்திய அரசு ஐடாவுக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. டோரதி கிளார்க் வில்சன் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு 1959இல் வெளிவந்தது. வேலூரின் மையப்பகுதியில் மருத்துவமனை அமைந்துள்ள சாலை ஐடா ஸ்கடர் சாலை என்று பெயர் பெற்றுள்ளது. அவர் மாட்டு வண்டியில் தொடங்கிய சாலையோர மருத்துவப் பணியின் தொடர்ச்சியாக, கல்லூரியின் மருத்துவர்களும் மாணவர்களும் சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்று பணியாற்றும் வழக்கம் அந்நிறுவனத்தில் நிலைபெற்றது.